தாயை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கைக்குழந்தைக்குச் சிகிச்சை தர முடியாது

பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் எங்கள் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கும், அதை மேற்பார்வையிடும் மருத்துவர்களுக்கும்,

சென்ற மாதம் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை இக்கடிதத்தை எழுத வைத்திருக்கிறது. அதில் நான்கு பத்திகள். குழந்தைக்குப் பயிற்சி நடக்கும் அரை மணி நேரமும் உடன் வந்தவர்கள் காத்திருப்புக் கூடத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது முதல் பத்தி. உளவியலாளர் இனி மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை செய்து மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான அறிக்கை தந்தால் போதும், அதற்குக் குறைந்த வயதினருக்கு "உளவியல் சேவைக்கான தேவை எழவில்லை" என்கிறது இரண்டாவது. குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்வது நிறுத்தப்படுகிறது, வண்டி இனி குறைபாடுகளைக் கண்டறியும் முகாம்களுக்கு மட்டுமே என்பது மூன்றாவது. நான்காவது ஒற்றை வரி: தரைத்தளத்தில் பாய் விரித்திருக்கும் அறை பதிவேட்டு அறையாக மாற்றப்படும்.

அந்த மையத்தில் பதினோரு ஆண்டுகளாக உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். மாவட்டத்தின் பெயரையும் என் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் நான் சொல்லப்போகும் குடும்பங்களை அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுகொள்வார்கள். அவர்களுடைய அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியும்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நான் யார் என்று தெரியும்.

கைக்குழந்தைக்கு மனநலம் என்று ஒன்று உண்டா என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவரைக் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் எவருக்கும் மருந்துச்சீட்டும் பெரிய ஆஸ்பத்திரியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அழும் குழந்தை தூக்கியதும் அமைதியாகிறதா, பால் குடிக்கும்போது முகத்தைத் தேடிப் பார்க்கிறதா, தவழ்ந்து நான்கடி போய்த் திரும்பி, "பார்க்கிறாயா" என்பதுபோல் ஒரு முறை நோக்கிவிட்டு மேலும் போகிறதா என்பவைதான் அந்த வயதின் மனநலம். இவற்றில் ஒன்றுகூடக் குழந்தை தனியாகச் செய்யக்கூடியது இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் காத்திருப்புக் கூடத்துக்கு அனுப்பிவிட்டால் உள்ளே பார்ப்பதற்கு எனக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

பணிக்கு வந்த முதல் மூன்று ஆண்டுகள் நானும் தாய்மாரை வெளியேதான் அனுப்பினேன். குழந்தை அம்மாவைப் பார்த்து அழுகிறது, பயிற்சி கெடுகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கும் சொல்லித்தரப்பட்டிருந்தது. ஒரு நாள் மலையடிவாரக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த பெண் ஒருவர், "உள்ள என்ன பண்றீங்கன்னு காட்டினா நானும் வீட்ல பண்ணுவேன்ல மேடம்" என்று கேட்டார். அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதத்துக்கு இரண்டு முறை, அரை மணி வீதம், அந்தக் குழந்தை எங்களிடம் இருப்பது ஒரு மணி நேரம். மாதத்துக்கு 720 மணி நேரம். மீதி 719 மணி நேரமும் குழந்தை யாருடன் இருக்கிறதோ அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் நான் சிகிச்சை என்ற பெயரில் ஏதோ செய்துகொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரம் மேசையையும் நாற்காலிகளையும் ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரையில் இரண்டு கோரைப்பாய்களை விரித்தோம். இயன்முறை மருத்துவரும் சிறப்புக் கல்வியாளரும் உடன் வந்தார்கள். மனநலம் என்று பலகை மாட்டினால் எவரும் உள்ளே வரமாட்டார்கள் என்பதால் பலகையே மாட்டவில்லை. தாய்மார்களே அதற்குப் "பாய் ரூம்" என்று பெயர் வைத்தார்கள்.

அந்த அறையில் நடந்தது என்ன என்பதை அறிக்கைகளில் எழுத எனக்கு இடமிருந்ததில்லை. எங்கள் படிவத்தில் "பயனாளிகள் எண்ணிக்கை" என்ற ஒரு கட்டம்தான் இருக்கிறது. எனவே இங்கே எழுதுகிறேன்.

30 வாரத்தில் பிறந்து, நாற்பது நாட்களுக்கு மேல் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஓர் ஆண் குழந்தை, எட்டு மாதத்தில் எங்களிடம் அனுப்பப்பட்டது. பரிந்துரைச் சீட்டில் "எடை ஏறவில்லை, உணவு ஏற்பதில் சிரமம், கழுத்து நிற்பதில் தாமதம்" என்று இருந்தது. குழந்தைக்கு விழுங்குவதில் கோளாறு இல்லை என்று பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொன்னார். பாயில் உட்கார்ந்து அந்தத் தாய் ஊட்டுவதைப் பார்த்தோம். கிண்ணத்தைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. குழந்தையும் இரண்டு வாய்க்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஊட்டும் முறையைத் திருத்த வேண்டும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவர் மறுபடி வந்திருக்கமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன். நான்காவது வாரத்தில், யாரும் கேட்காமலே, அவர் சொன்னார்: "பொழைக்குமான்னு சொல்ல முடியாதுன்னு அன்னிக்கு டாக்டர் சொன்னாங்க. அதுலேர்ந்து இவன் மூஞ்சியப் பாத்தாலே பயமா இருக்கு. பாத்துப் பழகிட்டு, அப்புறம் போயிட்டான்னா என்னால தாங்க முடியாது."

எட்டு மாதங்களாக அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார். குழந்தை பிழைத்துவிட்டது என்ற செய்தியை அவரிடம் யாரும் முறையாகச் சொல்லவே இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு கொடுத்ததோடு சரி. அதன்பின் நாங்கள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. குழந்தை அவர் பக்கம் திரும்பும் கணத்தில், "இப்ப உங்களத்தான் தேடுறான்" என்று மெல்லச் சொல்வது. அவர் அழுதால் அழவிடுவது. கழுத்து நிற்பதற்கான பயிற்சியை, அவர் மல்லாந்து படுத்து, குழந்தையைத் தன் மார்பில் கவிழ்த்துக்கொண்டு, முகத்துக்கு முகம் பார்த்தபடி செய்வது. இயன்முறை மருத்துவரின் பயிற்சியும் என் வேலையும் அந்த இடத்தில் ஒன்றாகிவிட்டன. நான்கு மாதங்களில் குழந்தை உட்கார்ந்தான். அவர் ஊட்டும்போது பேசத் தொடங்கியிருந்தார். எடை ஏறியது எங்களால்தான் என்று நான் சொல்லவரவில்லை. குழந்தைகள் நல மருத்துவரின் சிகிச்சையும் உடன் நடந்தது. ஆனால் கரண்டிக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த அந்த அச்சத்தைச் சுற்றறிக்கையின் முதல் பத்திப்படி நாங்கள் ஒருபோதும் கண்டிருக்க முடியாது, ஏனெனில் அந்தத் தாய் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

முகத்துக்கு முகம் பார்ப்பதை நான் மிகைப்படுத்துவதாக உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்க உளவியலாளர் எட் டிரானிக் 1970களில் செய்த சோதனை ஒன்று உலகெங்கும் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. சில மாதக் குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், ஓரிரு நிமிடங்கள் மட்டும் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது, பதில் வராதபோது தலையைத் திருப்பிக்கொள்கிறது. ஓரிரு நிமிடத்துக்கே இப்படி என்றால், மாதக்கணக்கில் மனம் இருண்டு கிடக்கும் ஒரு தாயின் குழந்தை எத்தனை முறை தலையைத் திருப்பியிருக்கும்?

அப்படிப்பட்ட தாய்மார்கள் எங்கோ ஒருவர் இருவர் இல்லை. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை, பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 விழுக்காட்டுத் தாய்மாரிடம் இருப்பதாக மதிப்பிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், 2002இல் வெளியான நம் தமிழ்நாட்டுக் கிராமப்புற ஆய்வு ஒன்றே இருக்கிறது. வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு என்றும், வறுமை, மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை அதனோடு சேர்ந்து வருகின்றன என்றும் அது காட்டியது. எங்கள் மையத்துக்கு வருவோர் பொதுவான தாய்மார்கள்கூட இல்லை. குறைமாதப் பிரசவம், வலிப்பு, டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் என்று ஏதோ ஒரு சொல்லைச் சில வாரங்களுக்கு முன்புதான் முதன்முதலாகக் கேட்டவர்கள். அவர்களிடம் குழந்தையின் எடையைக் கேட்கிறோம், தடுப்பூசி அட்டையைக் கேட்கிறோம். "நீ தூங்கினியாம்மா" என்று கேட்பதற்கு யாரும் நியமிக்கப்படவில்லை.

இரண்டாவது பத்திக்கு வருகிறேன், ஏனெனில் மையத்தின் அடிப்படையையே அது மாற்றுகிறது. 2013இல் தேசிய சிறார் நலத் திட்டம் தொடங்கப்பட்டபோது, பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிவது என்றும், அவற்றுள் பிறப்பு முதல் ஆறு வயது வரையிலானவர்களை முதன்மையாக மாவட்ட இடையீட்டு மையங்கள் கவனிப்பது என்றும் வகுக்கப்பட்டது. அந்த மையத்துக்கான பணியாளர் பட்டியலில் மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் ஆகியோருடன் உளவியலாளரும் இருக்கிறார். முதல் மூன்று ஆண்டுகளை உளவியலாளரின் எல்லையிலிருந்து நீக்கிவிட்டால், ஆறு ஆண்டுகளில் சரிபாதி போய்விடுகிறது. மூளை அதிவேகமாக வளரும் பாதி அது. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டை இல்லாமல் உதவித்தொகை இல்லை, பேருந்துச் சலுகை இல்லை. அந்த வரிசையில் நிற்பவர்களின் வெயிலையும் நான் பார்க்கிறேன். ஆனால் நான்கு வயதில் அளந்து சான்றிதழ் கொடுப்பதற்காக மட்டும் இருக்கும் மையத்துக்கு "ஆரம்பநிலை" என்ற சொல் எப்படிப் பொருந்தும் என்று விளக்க வேண்டும்.

இன்னொரு குடும்பம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கடுமையான மனநோய்க்கு ஆளான ஒரு பெண், மனநலப் பிரிவு ஒன்றில் சேர்க்கப்பட்டார். ஐந்து மாதக் கைக்குழந்தை பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டது. 38 நாட்கள். திரும்பி வந்தபோது குழந்தை அவரிடம் போகவில்லை. தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு பாட்டியைப் பார்த்து வீறிட்டது. "பெத்தவளையே வேணாங்குது, நான் எதுக்கு இருக்கணும்" என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட அவர் குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் 15 நாட்களுக்கு ஒரு முறை அந்த முடிவை மறுஆய்வு செய்ய வேண்டும். பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவே இருக்கிறது. நம் மாவட்டத்தில் அந்தப் பிரிவு இல்லாதது உங்கள் குற்றமில்லை. அந்தத் தாயும் குழந்தையும் மறுபடி ஒருவரையொருவர் பழகிக்கொள்ள இருந்த ஒரே இடம் பாய் அறை. பாட்டியை நடுவில் உட்காரவைத்து, முதல் இரண்டு வாரம் தாய் தொடாமலே பக்கத்தில் இருந்து, பிறகு பாட்டியின் மடியில் இருக்கும்போதே குழந்தையின் காலுக்கு எண்ணெய் தடவி, ஆறாவது வாரத்தில் அது தாயின் தோளில் தூங்கியது. அந்தக் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். சுற்றறிக்கையின்படி அதற்கு உளவியல் சேவைக்கான தேவை எழவில்லை.

வீட்டுக்குப் போவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதுதான் வீண்செலவு என்று கூட்டத்தில் பேசப்பட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பதினோரு மாதப் பெண் குழந்தையைத் தாய் ஒழுங்காக எங்களிடம் அழைத்துவந்தார். சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஆனால் எந்த முன்னேற்றமும் இல்லை, தாயும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்தக் குழந்தையை வளர்ப்பவர் அப்பத்தா. தாய் சமைப்பார், துவைப்பார். குழந்தையை மையத்துக்குத் தூக்கிவருவது மட்டுமே அவருக்கு அனுமதிக்கப்பட்ட வேலை. "இவ வயித்துல இருக்கப்பவே ஏதோ பண்ணிக்கிட்டா" என்று பேச்சு இருந்தது. குரோமோசோமில் நேரும் மாற்றத்துக்கும் அந்தப் பெண் செய்த எதற்கும் தொடர்பில்லை என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை.

நாங்கள் போன நேரம் குளிக்கவைக்கும் நேரம். அப்பத்தா முற்றத்தில் மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் கணுக்காலுக்கு நடுவில் தலை இருக்கும்படி கிடத்தி, நல்லெண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் குறுக்காக மடக்கி நீட்டி, ஒவ்வொரு மடக்கலுக்கும் ஏதோ பாடிக்கொண்டே செய்தார். குழந்தை அவர் வாயையே பார்த்துச் சிரித்தது. எங்கள் அறையில் நான் ஒருபோதும் காணாத சிரிப்பு. தசைத் தளர்ச்சி உள்ள குழந்தைக்கு வேண்டிய பயிற்சியில் பாதி அந்த மணையில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. கூடவே, தலைக்கு வடிவம் வர வேண்டும் என்று கழுத்தைப் பிடித்து உருட்டித் திருப்புவதும் நடந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இறுக்கமாக அமையாமல் இருக்கக்கூடும் என்பதால் அப்படித் திருப்புவது ஆபத்து. மையத்தில் எத்தனை ஆண்டு உட்கார்ந்திருந்தாலும் எங்களுக்கு இது தெரிந்திருக்காது. இயன்முறை மருத்துவர் அப்பத்தாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நீங்க பண்றது ரொம்ப நல்லாருக்கு அப்பத்தா, கழுத்த மட்டும் விட்டுருங்க" என்று காரணத்தோடு சொன்னார். அவர் விட்டுவிட்டார். மூன்றாவது முறை போனபோது மணையில் உட்கார்ந்திருந்தது தாய். பக்கத்தில் இருந்து வெந்நீர் ஊற்றியவர் அப்பத்தா. அந்த இடமாற்றத்துக்கு நாங்கள் செலவழித்தது மூன்று முறை வண்டிக்குப் போட்ட எரிபொருள்.

இப்படி ஒரு வீட்டில் நடப்பதற்குள் நூறு பேருக்கு முகாம் நடத்திவிடலாமே என்பது உங்கள் வாதம். முகாமில் கண்டறிகிறோம், கண்டறிந்த பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகிறது என்பதை யார் பார்க்கிறார்கள்? வந்தவர்களில் பலர் இரண்டாவது முறை வருவதில்லை என்பது உங்கள் மறுஆய்வுக் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் பேசப்படும் குறைதான். அவர்கள் வராமல் போவதை அலட்சியம் என்று எழுதுகிறோம். நான் தேடிப்போன வீடுகளில் அலட்சியத்தை அரிதாகத்தான் கண்டேன். அவமானத்தைக் கண்டேன், துணைக்கு ஆள் இல்லாததைக் கண்டேன், திருப்பூரில் வேலை பார்க்கும் கணவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதையும், அன்று மையம் பூட்டியிருப்பதையும் கண்டேன்.

நெரிசல் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நடைபாதையில் கால் வைக்க இடமிருப்பதில்லை, பதிவேடுகளும் ஈரத்தில் கெடுகின்றன. ஆனால் இட நெருக்கடிக்குத் தீர்வாக எடுக்கப்பட்ட முடிவு அதை மோசமாக்குகிறது. ஒரு மேசை, ஒரு பயிற்சியாளர், ஒரு குழந்தை என்றால் ஒரு முற்பகலில் ஆறு குழந்தைகள். பாயில் ஆறு தாய்மாரும் ஆறு குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். அதோடு, தன் குழந்தைக்கு இரண்டு வயதாகியும் நடக்கவில்லை என்று குமைந்துகொண்டிருந்த பெண்ணுக்கு நான் சொன்ன எந்த ஆறுதலும் உதவாதபோது, பக்கத்துப் பாயில் இருந்தவர் "எம்புள்ளையும் ரெண்டரையிலதான் எந்திரிச்சான், நீ ஏன் இப்படி ஒடிஞ்சு போற" என்று சொன்ன ஒரு வாக்கியம் உதவியது. காத்திருப்புக் கூடத்திலும் அவர்கள் பேசிக்கொள்வார்களே என்றால், அங்கே ஒலிபெருக்கியில் வரிசை எண் கூப்பிடுகிறார்கள். எல்லோர் கண்ணும் கதவின் மேல் இருக்கிறது.

இந்த வேலைக்கு நிபுணர்கள் போதாது என்பதும் சொல்லப்பட்டது. பாகிஸ்தானில் ராவல்பிண்டிக்கு அருகிலுள்ள கிராமங்களில், மனநலப் பயிற்சி இல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அவர்களை அனுப்பிய ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அவர்கள் சென்ற வீடுகளில் 23 விழுக்காட்டுத் தாய்மாரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. வழக்கமான சந்திப்பு மட்டும் நடந்த வீடுகளில் 53 விழுக்காடு. நம்மிடம் கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள், ஊருக்கு ஊர் அங்கன்வாடிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். நம் மாநிலத்திலேயே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள், உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்துக் குடும்பத்தை நடுவில் வைத்து ஆரம்பநிலை இடையீட்டை வீட்டு வாசல்வரை கொண்டுபோயிருக்கின்றன. நான் கேட்பது வெளிநாட்டுக் கனவு இல்லை.

எனவே என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். சுற்றறிக்கையின் முதல் இரண்டு பத்திகளையும் எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும், அதை வளர்ப்பவர் உடன் இருப்பதே விதி என்றும், அவரை வெளியே அனுப்ப வேண்டிய நிலை வந்தால் அதற்கான காரணத்தைப் பயிற்சியாளர் பதிவுசெய்ய வேண்டும் என்றும் மாற்றி எழுத வேண்டும். வளர்ப்பவர் என்பதில் தந்தையும் பாட்டியும் அடங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலேனும் மையம் திறந்திருக்க வேண்டும், அதற்கு ஈடாக வார நாளொன்றில் விடுப்பு எடுத்துக்கொள்ள நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

வண்டியை வாரத்தில் ஒரு நாள் எங்களுக்குத் தர வேண்டும். எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பது தெரியும். பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து வீடு திரும்பிய குறைமாதக் குழந்தைகள், தாய்க்கு மனநலச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் குழந்தைகள், இரண்டு முறை வந்துவிட்டு நின்றுபோனவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கு மட்டும் போகிறோம். பட்டியலை முன்கூட்டியே தருகிறேன்.

புதன்கிழமைத் தடுப்பூசி நாளில், ஆறாவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் வரும் ஒவ்வொரு தாயிடமும், பிரசவித்த தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய உதவும், தமிழிலும் பயன்பாட்டில் உள்ள எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளையும் கேட்கச் செய்யுங்கள். கேட்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் கேட்ட பிறகு அனுப்ப ஓர் இடம் இல்லையென்றால் கேட்காமல் இருப்பதே மேல். ஆகவே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை எங்கள் மையத்துக்கு வந்து, தாயைக் குழந்தையோடு சேர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்பவரை அன்றே யாரிடம் அழைத்துச்செல்வது என்பது ஒவ்வொரு செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், குழந்தையின் நிலையைத் தாயிடம் நேரில், உட்காரவைத்து, அவருக்குப் புரியும் சொற்களில் விளக்குவதைக் கட்டாயமாக்குங்கள். அந்த நேரத்தில் எங்களில் ஒருவர் உடன் இருக்கிறோம்.

எங்கள் மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேர்க்க வேண்டும்: குழந்தையை வீட்டில் வளர்ப்பவர் யார், அவரை இம்மாதம் சந்தித்தோமா. கட்டம் இல்லாத வேலை செலவாக மட்டுமே உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை இந்தச் சுற்றறிக்கையிலிருந்து கற்றுக்கொண்டேன்.

பதிவேடுகளுக்கு மாடியில் காலியாக இருக்கும் சிறு அறையைப் பார்த்து வைத்திருக்கிறோம். அலமாரிகளை மாற்ற நாங்களே கை கொடுக்கிறோம். பாய் அறையைக் காலி செய்யும் வேலை வருகிற திங்கட்கிழமை தொடங்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, ஆறு குடும்பங்களுக்கு அந்த அறையில் நேரம் கொடுத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் விடியற்காலை ஐந்தே கால் பேருந்தைப் பிடித்து வருபவர். திங்கட்கிழமை வேலையை நிறுத்திவையுங்கள். அவ்வாறு நிறுத்துவதில்லை என்று நீங்கள் முடிவு செய்தால், அந்த ஆறு பேரிடமும் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சனிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மையத்தின் உளவியலாளர்